ஆம்ஸ்டர்டாம் முடிச்சாச்சு, கையில இன்னும் ஒரு நாள் இருக்கா? லெய்டனுக்குப் போங்க

நீங்க கேட்டது இதுதான்: ஆம்ஸ்டர்டாம் பார்த்தாச்சு, ஒரு முழு நாள் மிச்சம் இருக்கு, அறுபது தாண்டின அப்பா அம்மா கூட வர்றாங்க, அம்மா சைவம், கூட்டம் கம்மியா இருக்கற பழைய கால்வாய் ஊர் ஒண்ணு சொல்லுங்க, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எப்படிப் பார்க்கலாம்னும் சொல்லுங்க. என் பதில் லெய்டன். டெல்ஃப்ட், உட்ரெக்ட், ஹார்லெம் எல்லாமே நல்ல ஊர்தான், யார் போனாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரியவங்களைக் கூட்டிட்டு ஒரே நாள்ல போறதுக்கு எனக்கு முதல்ல தோணறது லெய்டன்தான். ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷம் நடந்தா பழைய ஊருக்குள்ள இருப்பீங்க, ஒரு வட்டம் அடிச்சுட்டு அதே ஸ்டேஷனுக்கு வந்துடலாம், நடுவுல பஸ், டிராம் எதுவும் தேவைப்படாது. கால்வாய் மட்டும் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர், 88 பாலம்னு அந்த ஊர்க்காரங்க கணக்கு சொல்லுவாங்க, ஆனா ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற அந்த நெரிசல் இங்க கிடையாது.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல்லேர்ந்து டிரெயின்ல அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, ஸ்கிபோல் ஏர்போர்ட்லேர்ந்து கால் மணி நேரம், இருபது நிமிஷம். டிக்கெட் தனியா எடுக்கணும்னு இல்ல, கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டை ஸ்டேஷன் கேட்ல தட்டிட்டு உள்ள போகலாம், இறங்கின இடத்துல அதே கார்டை மறுபடி தட்டணும். ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டை மூணு பேருக்குத் தட்ட முடியாது, அதனால அப்பா அம்மாகிட்ட தனித்தனியா கார்டு இல்லைன்னா மெஷின்லயோ ஆப்லயோ டிக்கெட் வாங்கிடுங்க. மியூசியம் எல்லாம் பத்து மணிக்குத்தான் திறக்கும், ஒன்பதரைக்கு லெய்டன்ல இறங்கினா சரியா இருக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கதையை மட்டும் அப்பா அம்மாவுக்கு டிரெயின்லயே சொல்லிடுங்க, ஏன்னா அது தெரியாம போனா இந்த ஊர் வெறும் அழகான போட்டோ எடுக்கற இடமா முடிஞ்சிடும், தெரிஞ்சு போனா ஒவ்வொரு தெருவும் பேசும். 1574-ல ஸ்பெயின் படை லெய்டனைச் சுத்தி வளைச்சு நின்னுச்சு. வெளியேர்ந்து ஒரு மூட்டை தானியம்கூட உள்ள வர முடியல, பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து ஊர்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஜனங்க செத்துப் போனாங்க. காப்பாத்தணும்னா ஒரே வழிதான் இருந்துச்சு, கடல் தண்ணியைத் தடுத்து வச்சிருந்த கரையை டச்சுக்காரங்களே உடைச்சு விடறது. வயல், வீடு எல்லாம் மூழ்கும்னு தெரிஞ்சேதான் உடைச்சாங்க. அப்பவும் தண்ணி போதுமான அளவுக்கு ஏறல, ஊரைக் காப்பாத்த வந்த படகுங்க பாதி வழியில மாட்டிக்கிட்டு வாரக்கணக்கா நின்னுச்சு, கடைசியில காத்து திசை மாறி புயலடிச்சு தண்ணி உயர்ந்ததும்தான் தட்டையான அடிப்பாகம் உள்ள படகுகள்ல ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் ஏத்திக்கிட்டு அக்டோபர் 3-ஆம் தேதி காலையில ஊருக்குள்ள வந்தாங்க. ஸ்பெயின்காரங்க அதுக்கு முந்தின ராத்திரியே ஓடிட்டாங்க. அடுத்த வருஷமே, 1575 பிப்ரவரியில, ஸ்பெயினை எதிர்த்த டச்சுக்காரங்களோட தலைவர் ஆரஞ்ச் வில்லியம் இந்த ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுத்தார், நெதர்லாந்துலயே பழைய பல்கலைக்கழகம் அதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தால தோட்டம் வந்துச்சு, மியூசியம் வந்துச்சு, ஐன்ஸ்டைன் வரைக்கும் வந்தாங்க. நீங்க அன்னைக்குப் பார்க்கப் போற பாதிக்கு மேல அந்த முற்றுகையோட பலன்தான்.

ஸ்டேஷன்லேர்ந்து ஊருக்குள்ள நடக்கும்போதே இடது பக்கம் ஒரு பெரிய காற்றாலை தெரியும், டி ஃபால்க், 1743-ல கட்டினது. உள்ள மியூசியம் இருக்கு, ஆனா படியெல்லாம் ஏணி மாதிரி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்களுக்கு வேண்டவே வேண்டாம். வெளியிலேர்ந்து பார்த்தாலே போதும், போட்டோவுக்கு சாயங்கால வெளிச்சம்தான் நல்லா இருக்கும், திரும்பி வரும்போது எடுத்துக்கலாம். அங்கேர்ந்து நேரா கால்ஹவாட்டர்ங்கிற அகலமான தண்ணிப் பக்கம் வாங்க. பழைய சரக்குப் படகுங்க வரிசையா கட்டியிருக்கும், இன்னொரு சின்ன காற்றாலை, முன்னாடி மரத்துல தூக்குப் பாலம். ரெம்ப்ராண்ட் 1606-ல பொறந்தது இந்த முனையில இருந்த வெட்டஸ்டேக் சந்துலதான், அவர் அப்பா மாவு மில் வச்சிருந்தவர். வீடு இப்ப இல்ல, சுவத்துல கல்வெட்டு மட்டும்தான், அதனால வீட்டைத் தேடி அலையாதீங்க, அந்தத் தண்ணியோரத்துல பத்து நிமிஷம் நின்னுட்டு கிளம்புங்க.

அடுத்தது ராபன்பர்க் கால்வாய். இதை மட்டும் அவசரப்படாம நடங்க, லெய்டன்ல எது விட்டுப் போனாலும் இது விடக்கூடாது. ரெண்டு பக்கமும் 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுங்க, கரையில வரிசையா மரம், வளைஞ்ச கல் பாலங்க. ஒரு எச்சரிக்கை, தெரு அமைதியா இருக்கேன்னு நடு ரோட்ல நிக்காதீங்க, சைக்கிள் சத்தமே இல்லாம வரும், மாணவர்கள் ஊர் வேற, வேகமா ஓட்டுவாங்க. அப்பா அம்மாவைத் தண்ணிப் பக்கம் விடாம வீட்டுச் சுவர் பக்கமா நடக்கச் சொல்லுங்க, கரையில பல இடத்துல கைப்பிடி கிடையாது.

ராபன்பர்க் 28-ல தேசிய தொல்பொருள் மியூசியம் இருக்கு. உள்ள நுழைஞ்ச உடனே ஹால்ல ஒரு முழு எகிப்தியக் கோயில் நிக்கும், நிஜக் கோயில், மாதிரி இல்ல. டஃபே கோயில், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல எகிப்துக்குத் தெற்குப் பக்கம் இருக்கற நூபியாவுல கட்டினது, ரெண்டாயிரம் வருஷப் பழசு. அஸ்வான் பெரிய அணை கட்டினப்போ அந்தப் பகுதியே நீருக்குள்ள போக இருந்துச்சு, அபு சிம்பெல் உட்பட அங்க இருந்த கோயில்களைக் காப்பாத்த பல நாடுங்க கை கொடுத்துச்சு, அதுல நெதர்லாந்து செஞ்ச உதவிக்கு நன்றியா 1969-ல எகிப்து இதைக் கொடுத்துச்சு. கல் கல்லா பிரிச்சுக் கொண்டு வந்து இங்க திரும்ப அடுக்கினாங்க. கொடுக்கும்போது எகிப்து போட்ட நிபந்தனைகள்ல ஒண்ணு, இதைப் பார்க்க யார்கிட்டயும் காசு வாங்கக் கூடாதுங்கறது, அதனால டிக்கெட் இல்லாமலே ஹால் வரைக்கும் போய் பார்க்கலாம். கிட்டப் போய் அந்த மணல்கல்லைப் பாருங்க, வாசல் மேல விரிஞ்ச றெக்கையோட சூரிய வட்டம் செதுக்கியிருக்கும், தூண் தலையில தாமரை, பப்பைரஸ் மாதிரி செடி வடிவம், நம்ம ஊர் கோயில் தூண் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்த உளி வேலை உடனே பிடிபடும். டிக்கெட் எடுத்து உள்ள போறீங்கன்னா மாயா, மெரிட் சிலைகளைத் தேடிப் போங்க. மாயா, துட்டன்காமுனோட கஜானா அதிகாரி, மெரிட் அவர் மனைவி. சிலைங்க 19-ஆம் நூற்றாண்டுலயே லெய்டன் வந்துடுச்சு, அவங்க கல்லறை எங்க இருக்குன்னு மட்டும் தெரியாமலே இருந்து, சக்காராவுல 1986-ல லெய்டன் ஆளுங்களும் இருந்த குழுதான் அதைத் திரும்பக் கண்டுபிடிச்சாங்க.

ஆனா என் கருத்து, ஒரே நாள்ல டிக்கெட் எடுத்துப் பார்க்கற மியூசியம் ஒண்ணு போதும். ரெண்டு மூணுன்னு ஆசைப்பட்டா பெரியவங்க மத்தியானத்துக்குள்ள களைச்சுப் போயிடுவாங்க, ஊரையும் பார்த்த மாதிரி இருக்காது. எகிப்து, ரோம் பிடிக்கும்னா இதுவே. ஓவியம் பிடிக்கும்னா லாகன்ஹால், 1640-ல துணி வியாபாரத்துக்காகக் கட்டின மண்டபம், லெய்டன்ல நெய்த துணியைத் தரம் பார்த்து முத்திரை குத்தின இடம், இப்ப அங்க லூகாஸ் வான் லெய்டன் வரைஞ்ச கடைசித் தீர்ப்பு ஓவியம் இருக்கு. சயின்ஸ் ஆர்வம்னா யோசிக்காம பூர்ஹாவ மியூசியம். லேவன்ஹூக் கையால பண்ணின நுண்ணோக்கி, ஹைகன்ஸ் காலத்து கடிகாரம், அப்புறம் கமர்லிங் ஓனஸோட ஹீலியம் கருவி. 1908 ஜூலை 10-ஆம் தேதி இதே ஊர்லதான் உலகத்துலயே முதல் முறையா ஹீலியத்தைத் திரவமாக்கினாங்க, மைனஸ் 269 டிகிரி, அந்தக் குளிர்ல பாதரசத்தை வச்சு சோதனை பண்ணினப்போதான் 1911-ல சூப்பர்கண்டக்டிவிட்டி, அதாவது தடையே இல்லாம மின்சாரம் ஓடற தன்மை, தெரிய வந்துச்சு, இன்னைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினுக்குள்ள இருக்கற காந்தம் வேலை செய்யறதே அந்தக் கண்டுபிடிப்பாலதான். கேட்டா பூர்ஹாவ மியூசியத்தைத்தான் நான் சொல்லுவேன், ஆனா உங்க அப்பா அம்மாவுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ராபன்பர்க்லயே இன்னும் கொஞ்சம் நடந்தா 73-ஆம் நம்பர், பல்கலைக்கழகத்தோட பழைய கட்டிடம், முன்னாடி கன்னியாஸ்திரி மடத்து தேவாலயமா இருந்தது, 1581-லேர்ந்து பல்கலைக்கழகம் கையில. அதுக்குப் பின்னாடிதான் ஹோர்ட்டஸ் தாவரத் தோட்டம், 1590-ல ஆரம்பிச்சது. டூலிப்னாலே நெதர்லாந்துன்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றோம்ல, அந்தப் பூவை இந்த நாட்டுல ஊன வச்சதுல பெரிய பங்கு இந்தத் தோட்டத்தை உருவாக்கின கரோலஸ் க்ளூசியஸுக்கு. வியன்னாவுல பேரரசர் தோட்டத்துல வேலை பார்த்தவர், இங்க வரும்போது டூலிப் கிழங்கும் கொண்டு வந்தார், 1594-ல பூத்துச்சு. அவர் வச்ச மாதிரியே சின்னச் சின்ன பாத்தியா பிரிச்சு ஒரு தோட்டம் இப்பவும் பராமரிக்கறாங்க. உங்க அம்மாவுக்குச் செடி பிடிக்கும்னா ஒரு மணி நேரம் இங்க தாராளமா ஒதுக்குங்க, உக்கார பெஞ்ச் நிறைய இருக்கு, கண்ணாடி வீட்டுக்குள்ள போனா வெளியில எவ்வளவு குளிரா இருந்தாலும் உள்ள நம்ம ஊர் மாதிரி புழுக்கமா இருக்கும், கோடையில தாம்பாளம் அளவுக்கு மேல விரிஞ்ச அமேசான் அல்லி இலைங்க தண்ணியில மிதக்கும்.

லெய்டன்னு பேரைக் கேட்டதும் நம்மள்ல பல பேருக்கு ஞாபகம் வர்றது செப்பேடுதான், அதனால அதையும் சொல்லிடறேன். நாகப்பட்டினத்துல ஸ்ரீவிஜய அரசர் கட்டின சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தோட வருமானத்தைக் கொடுத்ததைச் சொல்ற 21 ஏடுங்க ஒரு தொகுதி, முதலாம் குலோத்துங்கன் காலத்து 3 ஏடுங்க இன்னொரு தொகுதி. ஒரு இந்து ராஜா புத்த விகாரத்துக்குக் கொடுத்தது, கடல் கடந்த ராஜா ஒருத்தருக்கு நம்ம துறைமுகத்துல இடம் இருந்தது, எல்லாத்துக்கும் அதுல சாட்சி இருக்கு. நாகப்பட்டினம் 1658-லேர்ந்து 1781 வரைக்கும் டச்சுக்காரங்க கையில இருந்த காலத்துல இது கப்பலேறிப் போச்சு, 1862-ல பல்கலைக்கழகத்துக்கு வந்துச்சு, லெய்டன் செப்பேடுன்னு பேரே அப்படி வந்ததுதான். இந்தியா பல வருஷமா திருப்பிக் கேட்டு வந்த பொருள் அது. ஆனா இது மியூசியம் மாதிரி கேலரியில வச்சு வர்றவங்களுக்கெல்லாம் காட்டினது கிடையாது, நூலகப் பெட்டகத்துல இருந்தது, அதனால அதைப் பார்க்கணும்னே ஒரு நாளை வச்சுக்கிட்டுப் போகாதீங்க. ராபன்பர்க் பாலத்து மேல நின்னுக்கிட்டு அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க, அது நிச்சயம் மனசுல நிக்கும்.

தோட்டத்துலேர்ந்து வெளிய வந்ததும் கால்வாய் ஓரமாவே அஞ்சு நிமிஷம் தென்கிழக்கே போனா ஒரு பெரிய பூங்கா வரும். இவ்வளவு நெருக்கமா வீடு கட்டின ஊருக்கு நடுவுல எப்படி இவ்வளவு காலி இடம்னு தோணும். 1807 ஜனவரி 12-ஆம் தேதி வெடிமருந்து ஏத்தின கப்பல் ஒண்ணு இந்தக் கால்வாய்ல வெடிச்சுச்சு, 150 பேர் கிட்ட செத்தாங்க, நூத்துக்கணக்கான வீடு தரைமட்டமாச்சு. அந்த இடிபாடு கிடந்த இடம்தான் இப்ப பூங்கா. முற்றுகை சமயத்துல மேயரா இருந்த வான் டெர் வெர்ஃபோட சிலை அங்க இருக்கு. பசியில ஜனங்க சரணடையலாம்னு கேட்டப்போ, என் கையை வெட்டிச் சாப்பிடுங்க, ஊரை விட்டுக் கொடுக்க மாட்டேன்னு அவர் சொன்னதா ஊர்க்கதை. கால் வலிக்குதுன்னா இந்தப் பூங்காவை விட்டுடலாம், பெரிய நஷ்டம் இல்ல.

திரும்பி பல்கலைக்கழகக் கட்டிடத்துக்கு எதிர்ல இருக்கற பாலத்தைத் தாண்டி குறுகலான சந்துல நடந்தா பீட்டர்ஸ்கெர்க் வரும், 1121-லேர்ந்து இந்த இடத்துல தேவாலயம் இருக்கு. அமெரிக்காவுக்கு மேஃப்ளவர் கப்பல்ல போன பில்கிரிம் கூட்டம், மதக் காரணத்துக்காக இங்கிலாந்தை விட்டு வந்தவங்க, அதுக்கு முன்னாடி 1609-லேர்ந்து 1620 வரைக்கும் இந்தத் தெருக்கள்ல தான் குடியிருந்தாங்க, துணி நெய்யற வேலை பார்த்தாங்க, அவங்க போதகர் ஜான் ராபின்சன் போகாம இங்கயே தங்கி 1625-ல இறந்து இந்த தேவாலயத்துலதான் அடக்கம் ஆனார். விசேஷம், விழான்னு வாடகைக்கு விடறதால சில நாள் உள்ள விட மாட்டாங்க, போறதுக்கு முன்னாடி வெப்சைட் பாருங்க. எதிர்ல யான் பெசைன் ஹோஃப்யேன்னு ஒரு சின்ன முற்றம் இருக்கு. வசதியில்லாத வயசானவங்களுக்காக 17-ஆம் நூற்றாண்டுல பணக்காரங்க கட்டிக்கொடுத்த வீடுங்க, நடுவுல தோட்டம், லெய்டன்ல இந்த மாதிரி முப்பதுக்கு மேல இருக்கு. கதவு திறந்திருந்தா உள்ள போய் பார்க்கலாம், ஆனா இப்பவும் ஜனங்க குடியிருக்காங்க, சத்தம் போடாம, ஜன்னல் வழியா போட்டோ எடுக்காம வந்துடுங்க.

இந்தச் சந்துங்கள்ல நடக்கும்போது சுவத்தைப் பார்த்துக்கிட்டே வாங்க. வீட்டுச் சுவர்ல முழு கவிதையைப் பெருசா எழுதி வச்சிருப்பாங்க, அந்தந்த மொழியில, அந்தந்த எழுத்துல. 1992-ல நியூஸ்டேக் சந்துல ஒரு ரஷ்யக் கவிதையில ஆரம்பிச்சது, இப்ப நூறைத் தாண்டிடுச்சு. பக்கத்துல சின்னப் பலகையில மொழிபெயர்ப்பு இருக்கும். இதே மாதிரி இயற்பியல் சமன்பாடும் எழுதியிருக்காங்க, பூர்ஹாவ மியூசியம் சுவத்துல ஐன்ஸ்டைனோட சமன்பாடு இருக்கு, அவர் 1920-லேர்ந்து இங்க சிறப்புப் பேராசிரியரா வந்து போனவர். அதுல ஒளி வளையற மாதிரி படமும் சேர்த்துப் போட்டிருக்காங்க, சயின்ஸ் படிச்சவங்க யாராவது கூட இருந்தா நகரவே மாட்டாங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்கு பிரேஸ்ட்ராட் தெருவைத் தாண்டி நியூவ ரைன் கால்வாய்ப் பக்கம் வந்துடுங்க. வழியில நகர மன்றம், 1929-ல கட்டிடம் முழுக்க எரிஞ்சு போச்சு, 1590-கள்ல கட்டின முன்பக்கச் சுவர் மட்டும் தப்பிச்சது, இப்ப நிக்கறது அந்தச் சுவருக்குப் பின்னாடி புதுசா கட்டினது. புதன், சனியில போனீங்கன்னா கால்வாய் ரெண்டு கரையிலயும் சந்தை, அதனால நாள் உங்க கையில இருந்தா சனிக்கிழமையே வச்சுக்கோங்க. சூடா வார்த்துக் கொடுக்கற ஸ்ட்ரூப்வாஃபிள், பூ, மீன், சீஸ்னு கடை வரிசையா இருக்கும். அசைவம் சாப்பிடறவங்க ஹெர்ரிங் ஒண்ணு கண்டிப்பா சாப்பிடணும், முள் எடுத்து, பொடிசா நறுக்கின வெங்காயம் தூவிக் கொடுப்பாங்க, வேகவச்சது இல்ல, உப்புல பதப்படுத்தினது, வாயில வெண்ணெய் மாதிரி கரையும். அம்மாவுக்கு லெய்டன் சீஸ் வாங்கிக் கொடுங்க, அதுல சீரகம் போட்டிருப்பாங்க, அந்த மணம் வந்ததும் அவங்களுக்கு உடனே பிடிச்சுப் போயிடும். ஆனா சீஸ் உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட் போடறது இங்க சகஜம், வாஃபிள்ல முட்டை இருக்கும், கறாரா சைவம்னா வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க. வயிறு நிறையணும்னா சுரினாம் கடையில ரொட்டி. 1873-லேர்ந்து டச்சுக்காரங்க ஆண்ட சுரினாமுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வட இந்தியாவுலேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க, அவங்க வம்சம் கொண்டு வந்த சாப்பாடு இது, உருளைக்கிழங்கு, காராமணிக்காய் போட்ட சைவ ரொட்டியும் கிடைக்கும், காரம் தனியா கேட்டு வாங்கிக்கலாம்.

சாப்பிட்டு முடிச்சதும் கூரை போட்ட கோர்ன்ப்ரூஹ் பாலத்தைத் தாண்டினா ரெண்டு நிமிஷத்துல பூர்ஹ்ட் கோட்டை. பழைய ரைனும் புது ரைனும் சேர்ற இடத்துல மனுஷன் மண்ணைக் கொட்டி உசத்தின மேடு, மேல வட்டமா மதில், கட்டணம் கிடையாது. கொஞ்சம் படி ஏறணும், ஆனா மெதுவா ஏறினா முடியும். மதில் மேல நடந்தா ஊரு மொத்தமும் ஓட்டுக்கூரையா தெரியும், பக்கத்துலயே ஹோக்லாண்ட்ஸ தேவாலயம். முற்றுகை சமயத்துல ஜனங்க இங்க ஏறி நின்னுதான் தண்ணி வருதா, படகு தெரியுதான்னு பார்த்திருப்பாங்க, அந்த நினைப்போட சுத்திப் பாருங்க, எவ்வளவு தட்டையான நிலம், தண்ணியைத் திறந்து விட்டா என்ன ஆகும்னு சட்டுனு புரியும்.

அதுக்கப்புறம் மூணு மணி வாக்குல படகு. பீஸ்டன்மார்க்ட்லேர்ந்து கிளம்பும், ஒரு மணி நேரம் பக்கம் ஆகும், குளிர்காலத்துல ஓடாத நாளும் உண்டு. நிறைய நடந்த பெரியவங்களுக்கு இதைவிட நல்ல ஓய்வு இல்ல, காலையில மேலேர்ந்து பார்த்த பாலங்களை எல்லாம் இப்ப கீழேர்ந்து பார்ப்பாங்க, சில பாலம் ரொம்பத் தாழ்வு, தலையைக் குனியச் சொல்லுவாங்க. மியூசியத்தைப் படகுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, பெரும்பாலும் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. காலையிலயே தொல்பொருள் மியூசியம் பார்த்துட்டா பிரச்சனையே இல்ல, பூர்ஹாவ போறதா இருந்தா கோட்டையிலேர்ந்து நேரா அங்க போயிட்டு படகைக் கடைசியா வச்சுக்கோங்க. டாய்லெட் போகணும்னா மியூசியம், சாப்பிடற கடையிலேயே போயிட்டு வந்துடுங்க, வெளியில கிடைக்கறது கஷ்டம், கிடைச்சாலும் பல இடத்துல காசு.

மழை பெஞ்சா திட்டத்தை மாத்தாதீங்க, வரிசையை மட்டும் மாத்துங்க, மழை நேரத்துல மியூசியமும் தோட்டத்துக் கண்ணாடி வீடும், விட்டதும் ராபன்பர்க். குடையைவிட தலைமூடி வச்ச ரெயின்கோட் நல்லது, இங்க அடிக்கிற காத்துல குடை நிக்காது. திங்கக்கிழமை போகாதீங்க, மியூசியம் பலதும் லீவு. ஏப்ரல்ல வர்றீங்கன்னா கோகன்ஹோஃப் டூலிப் தோட்டத்துக்கு லெய்டன் ஸ்டேஷன்லேர்ந்தே தனி பஸ் இருக்கும், ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணிடலாம்னு சில பேர் சொல்லுவாங்க, பெரியவங்களோட அது முடியாது, ரெண்டும் அரைகுறையா போயிடும். அக்டோபர் 3 மட்டும் தனிக் கணக்கு, அன்னைக்கு ஊரே திருவிழா, காலையில பழைய எடை மண்டபத்துல ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும் இலவசமா கொடுப்பாங்க, வீட்டுக்கு வீடு கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மசிச்ச ஹுட்ஸ்பொட் சமைப்பாங்க, தேதி ஞாயித்துக்கிழமையில வந்தா விழாவை மறுநாளுக்குத் தள்ளிடுவாங்க. நீங்க மட்டும் தனியா வந்தா அந்த நாளைத்தான் சொல்லுவேன், அப்பா அம்மாவோடன்னா அந்தக் கூட்டத்துல நிக்க இடம் கிடைக்காது, ஒரு வாரம் முன்ன பின்ன பார்த்துக்கோங்க.